என்ரை பேரிலை ஒருத்தர் மலையிலை

பெப்ரவரி 24, சனி

குளிர். காத்து முகத்தை வழிக்குது. கையுறையை ட்றெயினிலை விட்டிட்டன், இந்த வருசம் மூண்டாவது சோடி.

கடையிலை (பரிஸ், ரூ லூயி-பிளாங்) இண்டைக்கு: போன் கண்ணாடி 4, பற்றறி 2, தண்ணிக்கை விழுந்த போன் 1. அது செத்திட்டுது. ஆர்ஜொந்தெயிலையிருந்து கொண்டுவந்த ஐயா நம்பிறாரில்லை. "நேற்று வரைக்கும் வேலை செய்ததெல்லோ தம்பி." நேற்று வரைக்கும் எல்லாம்தான் வேலை செய்யும் ஐயா.

மத்தியானம் ரூபண்ணை மலையிலையிருந்து எடுத்தவர். அங்கை மழையாம். பெப்ரவரியிலை, அந்த உயரத்திலை, மழை. பனி கரைஞ்சாக் கெதியா வீட்டை வரலாம்தானே எண்டன். "இல்லையடா, இதுதானாம் கூடாத நேரம்" எண்டார். போன கிழமை முழுக்கப் புதுப்பனி கொட்டினது. அதுக்கு மேலை இப்ப சூட்டுக்காத்து, மழை. பனி தண்ணியைக் குடிச்சுப் பாரமாகுமாம், அடியிலை வழுக்குமாம், பிறகு சரிவு முழுக்க ஒண்டா இறங்குமாம். அறையிலை கூட இருக்கிற மமது சொல்லிக் குடுத்தவன். மாலி நாட்டுக்காரன், அங்கை ஆறாவது சீசன்.

"சோறு பொங்கி மூடியைத் தள்ளுமெல்லோ, அப்பிடித்தான்" எண்டார் ரூபண்ணை. அவருக்கு இப்ப எல்லாம் குசினிதான்.

ஒருத்தருக்கும் சொல்லாததை இதிலை ஒருக்கா எழுதி வைப்பம். அந்த மலை ஹோட்டேலிலை கோப்பை கழுவுறது ரூபண்ணை. கொன்ராவிலை, வேலை ஒப்பந்தத்திலை, இருக்கிற பேர் நான். நிரூஜன், 22 வயசு. நவம்பரிலை கையெழுத்து வைச்சதும் நான்தான். ஹோட்டல் படிப்பை ரெண்டாம் வருசம் விட்டிட்டு வந்தவனுக்கு அஞ்சு மாச வேலை ஒண்டு கிடைச்சதெண்டு அம்மா கோயிலுக்குத் தேங்காய் உடைச்சவ. போறதுக்கு மூண்டு நாள் இருக்க மனம் விட்டுப்போச்சு. மலை. குளிர். கோப்பை. ஏலாது.

ரூபண்ணை எங்கடை சோபாவிலை ரெண்டு வருசம். அகதிக் கேஸ் ரெண்டு தரம் றிஜெக்ட். வதிவிடக் காட் இல்லை. "அப்ப நான் போகட்டே" எண்டார். என்ரை காட்டை எடுத்துக் குடுத்தன். படத்திலை எனக்குத் தாடி, அவருக்கு மீசை, பத்து வயசு வித்தியாசம். "வெள்ளையளுக்கு நாங்கள் எல்லாம் ஒரே முகம்தான்" எண்டு சொல்லிச் சிரிச்சம். சரியாத்தான் போச்சு. அங்கை ஒருத்தரும் ரெண்டாந்தரம் பாக்கேல்லை.

காட் உள்ளவன் நான் இப்ப காட் இல்லாமல் திரியிறன். கார் து நோர் ஸ்டேசனிலை பொலிஸைக் கண்டா மற்ற வாசலாலை போறது.

25, ஞாயிறு

மழைக்குணம். கோழி. அம்மா உப்புக் கூடப் போட்டிட்டு என்னைப் பேசிறா.

ரூபண்ணைக்கு அனுப்ப வேண்டிய சாமான் (அம்மா சொல்லச் சொல்ல எழுதினது):
– மிளகாய்த்தூள், பெரிய போத்தல்
– கம்பளிச் சப்பாத்து 2
– சித்தாலேப (தைலம்)
– மாசி இல்லாத சம்பல் (மமதுக்கும் பிடிக்குமாம்)

சுதா அக்கா எடுத்தவ. ரூபண்ணையின்ரை மனுசி, கிளிநொச்சியிலை. மகள் அபி போனைப் பறிச்சு, "அப்பாவின்ரை பனியைக் காட்டுங்கோ" எண்டுது. இஞ்சை பனி இல்லையடி, அது தூர எண்டன். "அப்ப நீங்கள் ஏன் அங்கை போகேல்லை மாமா?" அஞ்சு வயசு.

சு. அக்கா பின்னேரம் தாயைக் கூட்டிவரப் போகோணுமெண்டு வைச்சிட்டா. அவவின்ரை தம்பி 2009இலை ஆமியிட்டை ஒப்படைச்சாப் பிறகு காணாமல் போனவர். தாய் இண்டைக்கும் அவற்றை படத்தை மடியிலை வைச்சுக்கொண்டு ரோட்டோரப் போராட்டக் கொட்டிலிலை போய் இருக்கிறவ. மற்றத் தாய்மாரும் இருப்பினமாம். சு. அக்கா அதை வேலைக்குப் போறவையைப் பற்றிச் சொல்ற மாதிரித்தான் சொல்லுவா. காலமை விடுறது, பின்னேரம் கூட்டிவாறது.

26, திங்கள்

இஞ்சை வெயில். சும்மா வெயில், சூடில்லை.

வேலை நேரத்திலை மலைக் காலநிலை பாத்துக்கொண்டிருந்தன். பனிச்சரிவு அபாயம் அஞ்சுக்கு நாலு. மத்தியானம் அஞ்சுக்கு அஞ்சு. வரைபடத்திலை அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு. றோட்டுப் பூட்டியாச்சு, பஸ் இல்லை, சுற்றுலாக்காரர் ஹோட்டேலுக்கை அடைஞ்சு கிடக்கினம். முதலாளி எட்டிப் பாத்து, "என்னடா, பனிச்சறுக்குப் போகப்போறியோ? முதல் அந்தப் பெட்டியளைத் தூக்கி வை" எண்டார்.

ரூபண்ணை குரல் அனுப்பினவர். அப்பிடியே எழுதிறன்:

"தம்பி, வெளியாலை ஒருத்தரும் போகக்கூடாதாம். மலைப்பக்க ஷட்டர் எல்லாம் பூட்டச் சொல்லிட்டினம். அங்காலைக் கட்டில்காறரும் இந்தப் பக்கம் வந்து படுத்திருக்கினம். பதினாலு பேர், ஒரு கக்கூஸ். நாளைக்கு விடியக் குண்டு போடுவாங்களாம், பனியை விழுத்த. பயப்பிடாதை எண்டு மமது எனக்குச் சொல்றான்." பிறகு, "எனக்குச் சொல்றான் பாரன்" எண்டு சிரிச்சவர்.

குண்டுக் கதை பழசு. பனி பெருசாச் சேர முந்தி அவங்களே வெடி வைச்சுக் கொஞ்சங் கொஞ்சமா விழுத்துவாங்கள், விடியக்காலமையில. டிசம்பரிலை முதல்நாள் அந்தச் சத்தம் கேட்டு ரூபண்ணை கட்டிலுக்குக் கீழை. மற்றவங்கள் சிரிச்சாங்களாம். மமது மட்டும் சிரிக்கேல்லை, பக்கத்திலை வந்து நிலத்திலை இருந்தவனாம். அப்பிடித்தான் சிநேகிதம்.

நான் பதில் போட்டது: ஒரு சிரிப்புப் படம். அவ்வளவுதான் போட்டனான்.

27, செவ்வாய்

காலமை 11.10. ஒழுங்கா எழுதினாத்தான் ஒழுங்கா நினைக்கலாம்.

எனக்கு லீவு. சோபாவிலை, பால்க் கோப்பையோடை. அம்மா ஒபீஸ் துடைச்சு முடிச்சு வந்து காலை நீட்டினவ. வீட்டுப் போன் அடிச்சுது. அம்மா எடுத்தா.

"உய். நிரூஜன், உய். மோன் ஃபீஸ்." ஓம், என்ரை மகன்தான் எண்டுறா. பிறகு என்னைப் பாத்துக்கொண்டே: "மோன் ஃபீஸ் இசி, மிசியு." மகன் இஞ்சை. அங்காலை என்னவோ சொல்லுறாங்கள். அம்மா திரும்பவும்: "இசி. இசி. சாப்பிடுறான்." சாப்பிடுறான் எண்டது தமிழிலை.

நான் வாங்கினன். மலை ஜொந்தார்மெரி, அங்கத்தைப் பொலிஸ். மெதுவாக் கதைக்கிறான், விசர்க்காரியின்ரை வீட்டுக்கு எடுத்திட்டன் எண்டு நினைச்சிருப்பான். நிரூஜன் எண்டவரைக் காலமை ஏழு மணியிலையிருந்து காணேல்லை. வேலையாள் விடுதிக்குப் பின்னாலை பனி இறங்கியிருக்கு. கட்டிடத்துக்கு ஒண்டுமில்லை, ஒரு கண்ணாடிகூட உடையேல்லை, உள்ளுக்கை இருந்த ஆக்கள் எல்லாம் சுகம். அவர் மட்டும் உள்ளுக்கை இல்லை.

"அம்மாவுக்கு விளங்கேல்லைப் போலை. நீங்கள் ஆர்?"

"தம்பி" எண்டன். "அவற்றை தம்பி."

"பேர்?"

"கெவின்."

எங்கையிருந்து வந்ததெண்டு தெரியாது. இப்ப நான் என்ரை தம்பி.

வைச்சாப் பிறகு அம்மா வந்து என்ரை தலையைத் தொட்டுப் பாத்தா. காய்ச்சலுக்குத் தொடுற மாதிரி. பிறகு கழுத்தை. பிறகு போய் முகம் கழுவினா.

12.30. ரூபண்ணையின்ரை நம்பருக்கு அடிச்சன். மமது எடுத்தான். போன் கட்டிலிலை கிடந்ததாம்.

"நீதான் உண்மையான நிரூஜனா?" எண்டான்.

"உனக்குத் தெரியுமோ?"

"அவன் முதல் மாசமே சொல்லிட்டான். தன்ரை பேரை ஒருத்தனுக்காவது சொல்லோணும் எண்டு."

மமது சொன்னது: இரா முழுக்க மழை. ரூபன் சப்பாத்தோடைதான் படுத்தவன். விடிய ஏழுக்குக் கிட்ட முதல் வெடி. எழும்பி இருந்தான். ரெண்டாவது வெடி, கிட்ட. எழும்பிக் கதவைத் திறந்தான். வெளியிலை போகாதை எண்டு கத்தினன். அவன் திரும்பி வந்து என்ரை கையைப் பிடிச்சு இழுத்தான். உங்கடை பாசையிலை என்னவோ சொன்னான். என்னையும் கொண்டு போகத்தான் பாத்தான். நான் கையை உதறிட்டன். அவன் வெளியாலை போட்டான். பிறகு அந்தச் சத்தம். வெடி மாதிரி இல்லை, லொறி ஒண்டு வீட்டுக்கை வாற மாதிரி. பிறகு ஷட்டர் எல்லாம் இருட்டு.

றோட்டுப் பக்கம் தேடுறாங்களாம், பஸ் தரிப்பிடத்துப் பக்கம். மேலை இன்னும் பனி தொங்குது, ரெண்டாவது இறங்கலாம், கட்டிடத்துக்குப் பின்னாலை ஒருத்தரையும் விடுறாங்களில்லை.

அம்மா: "அவன் ஓடியிருப்பான். பொலிஸ் வரும், காட் பாக்கும் எண்டு ஓடியிருப்பான். எங்கையாவது ஒரு ஸ்டேசனிலையிருந்து அடிப்பான் பார்."

நல்ல யோசனை. ரெண்டு பேரும் போனுக்குப் பக்கத்திலை இருந்தம். பின்னேரம் வரைக்கும். தெரியாத நம்பர் ஒண்டு வந்தது. யன்னல் விக்கிறவங்கள்.

28, புதன்

ஆலங்கட்டி மழை, கொஞ்சம்.

பொய் எழுதக்கூடாது. இதிலையும் எழுதினா வேறை எங்கை எழுதிறது.

நேற்று மத்தியானமே எனக்குத் தெரியும். மமது "கையைப் பிடிச்சு இழுத்தான்" எண்ட உடனை தெரியும்.

போன வருசம் ஜூலை 14, இஞ்சத்தைத் தேசிய நாள். லா கூர்னெவிலை பெடியள் வாணம் விடுறாங்கள், கட்டிடத்துக்குக் கட்டிடம், குழாயிலை வைச்சு. ரூபண்ணை எங்கடை ஒன்பதாம் மாடியிலையிருந்து படியாலை இறங்கி ஓடினவர். தேடிப் போனன். கார் விடுற இடத்துக்குப் பக்கத்திலை ஒரு காஞ்ச வாய்க்கால், அதுக்கை. குப்புற. முழங்கையை ஊண்டி, நெஞ்சு நிலத்திலை முட்டாமல், கை ரெண்டும் தலைக்கு மேலை, வாயைத் திறந்தபடி. ஒரு பியர் ரின் அவற்றை காதடியிலை. எழும்பித் தூசியைத் தட்டிப்போட்டுப் பாடம் எடுக்கிற மாதிரிச் சொன்னவர்: "கட்டிடத்துக்கை நிக்கக்கூடாதடா. கட்டிடம்தான் ஆளைக் கொல்லும். ஒரு இடத்துக்குப் போனா முதல்நாளே பள்ளம் எங்கையெண்டு பாத்து வைக்கோணும்." வன்னிச் சண்டையிலை அவரை உயிரோடை வைச்சிருந்தது அதுதான். பாத்து வைச்ச பள்ளங்கள்.

டிசம்பரிலை மலைக்குப் போன ரெண்டாம் நாள் எடுத்துச் சொன்னார்: "விடுதிக்குப் பின்னாலை நல்ல பள்ளம் ஒண்டு இருக்கு. ஒரு பக்கம் கொங்கிறீட்." நான் சிரிச்சனான். அண்ணை, அங்கை ஆர் உங்களுக்கு ஷெல் அடிக்கிறது எண்டு.

பனி தண்ணி மாதிரி. எங்கை பள்ளமோ அங்கைதான் போய் நிரம்பும்.

இது தெரிஞ்சுகொண்டு ஒரு பகல் முழுக்கச் சோபாவிலை இருந்திருக்கிறன். சொன்னா உனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேப்பாங்கள், அதிலையிருந்து ஒவ்வொண்டா இழுபடும் எண்டு. மே மாசம் என்ரை காட் புதுப்பிக்கிற மாசம். அதுவும் நினைச்சனான். ஓம், நினைச்சனான்.

9.20க்கு அடிச்சன். கெவின் எண்டு சொன்னன்.

"விடுதிக்குப் பின்னாலை ஒரு பள்ளம் இருக்கு. அதுக்கை பாருங்கோ."

"பள்ளத்துக்கை ஏன் போறார்? பனிச்சரிவுக்கு அதைவிட மோசமான இடம் இல்லை. உள்ளுக்கை இருக்கச் சொல்லித்தானே எல்லாருக்கும் சொன்னது."

"வெடிச் சத்தத்துக்குப் பயம் அவருக்கு."

"உங்கடை அண்ணன் ஒன்பது வயசிலை பிரான்ஸுக்கு வந்தவர் எண்டிருக்கு. பள்ளிக்கூடமெல்லாம் இஞ்சை." பேப்பர் திருப்பிற சத்தம். "எந்த வெடி?"

வைச்சிட்டன்.

உண்மைதான். நான் ஒன்பது வயசிலை வந்தனான். எனக்கு வெடிச் சத்தத்துக்குப் பயமில்லை. என்னை அனுப்பியிருந்தா நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்பன். ஒரு கண்ணாடிகூட உடையேல்லை.

மத்தியானம் சு. அக்கா. "தம்பி, அவர் ரெண்டு நாளா எடுக்கேல்லை." கரண்ட் இல்லை அக்கா, டவர் விழுந்திட்டுது எண்டன். "சாப்பாடு கிடைக்குதாமோ?" ஓம். "குளிருக்கு என்ன போடுறாராம்?" சப்பாத்து அனுப்பினனாங்கள் எண்டன். அனுப்பேல்லை. பொதி இஞ்சை வாசலடியிலை, ஒட்டின டேப்போடை.

டிவியிலை அரை நிமிசம். மலை, ஹெலி, நாய். "22 வயசுச் சீசன் வேலையாள் ஒருத்தரைக் காணேல்லை." அம்மா ரிமோட்டை எடுத்து நிப்பாட்டினா. கறுத்தக் கண்ணாடியிலை நான் தெரிஞ்சன், சோபாவிலை, அவற்றை குழியிலை. ரெண்டு வருசம் படுத்த இடம் பதிஞ்சு கிடக்கு. எழும்பிக் கதிரையிலை இருந்தன்.

மார்ச் 1, வியாழன்

மூடல். இஞ்சையும் கொஞ்சம் பனி, விழ முந்திக் கரைஞ்சு போகுது. லா ஷப்பெலிலை சனம் படம் எடுக்குது.

கடைக்குப் போனன். எங்கையாவது நிக்கோணும். ஒரு அன்ரி தன்ரை போனிலை படம் எல்லாம் அழிஞ்சிட்டுது எண்டு அழுதா. எடுத்துக் குடுத்தன், 2,300 படம், அதிலை பாதி ரோசாப்பூவும் குட்மோர்னிங்கும். "கடவுள் மாதிரியடா நீ" எண்டா. காசு வாங்கேல்லை.

2.45. மமது. "கண்டெடுத்திட்டாங்கள்."

காலமை மேலை தொங்கினதை ஹெலியிலையிருந்து விழுத்திப்போட்டுப் பின்னாலை இறங்கினவங்கள். நாய் நேராப் போய் நிண்டதாம். முத்தத்திலை முழங்கால் அளவு பனிதான். பள்ளத்துக்கை மூண்டு மீற்றர்.

எப்பிடிக் கிடந்தவர் எண்டு நான் கேக்கேல்லை. அவனாச் சொன்னான். "படுத்திருந்தான். கை ரெண்டும் தலைக்கு மேலை. வாய் திறந்து."

அதுக்குப் பிறகு வாயைத் திறந்து வைச்சிருந்ததைப் பற்றியே யோசிச்சுக்கொண்டிருக்கிறன். வெடிக்குக் காது உடையாமல் இருக்கத்தான் அது. பனிக்கை என்னத்துக்கு ஆகும்.

வீட்டை வந்தா அம்மாவுக்குப் போன் வந்து முடிஞ்சுது. மகன்ரை உடலைப் பாத்து உறுதிப்படுத்த வரட்டாம். குடும்பத்திலை ஒருத்தர்.

அம்மா குசினியிலை. வெங்காயம் வெட்டிறா. ஏற்கெனவே ஒரு சட்டி நிறைய வெட்டியிருக்கிறா, இன்னும் வெட்டிறா.

"நான் போய் ஓம் எண்டு சொல்லிட்டு வாறன்" எண்டா.

"என்னத்துக்கு ஓம்?"

"என்ரை பிள்ளை எண்டு. எரிச்சுப்போட்டு வருவம். நீ லண்டனுக்குப் போ, மாமாவிட்டை."

"விசரே அம்மா? எந்தப் பேரிலை போறது?"

"காட் குடுத்ததெண்டு தெரிஞ்சா உன்னைப் பிடிப்பாங்கள். காட்டைப் பறிப்பாங்கள். அவன் போட்டான் அப்பு. நீ இருக்கிறாய்."

"அப்ப சுதா அக்காவுக்கு என்ன சொல்றது?"

கத்தி நிண்டுது.

"எங்கையோ இருக்கிறார் எண்டு சொல்லிறதோ?" எண்டன். "அவவும் ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தாய்க்குப் பக்கத்திலை இருக்கட்டோ?"

அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது. அம்மா வெட்டின வெங்காயம் எல்லாத்தையும் எடுத்துக் குப்பைக்கை கொட்டினா. கையைக் கழுவினா. பிறகு அலுமாரியிலையிருந்து ரூபண்ணையின்ரை நல்ல சேட்டை எடுத்து அயன் பண்ணினா. கொலர், கை, முதுகு. மடிச்சு என்ரை பைக்குள்ளை வைச்சா.

"சப்பாத்தும் கொண்டு போ" எண்டா.

2, வெள்ளி

கார் து லியோன், 6.50 ட்றெயின். அம்மா வரேல்லை. வந்தா மகன் எண்டுதான் சொல்லுவன், வாய் மாறிச் சொல்ல வராது எண்டா.

காட் இல்லாத பயணம். செக்கர் வந்தார், டிக்கெற்றை மட்டும் பாத்தார், நல்ல பயணம் எண்டார்.

கொண்டுவாற பேப்பர்: என்ரை பிறப்புப் பதிவின்ரை கொப்பி, பள்ளிக்கூட அட்டை (பழசு), சு. அக்காவின்ரை கலியாணப் படம் போனிலை, ரூபண்ணையின்ரை றிஜெக்ட் கடிதம் ரெண்டு. அதிலைதான் அவற்றை முழுப்பேர் இருக்கு, அச்சிலை. வேறை எங்கையும் இல்லை, இந்த நாட்டிலை.

ஷம்பெரி தாண்ட மலை வருது. நான் நினைச்சது வெள்ளையா இருக்குமெண்டு. கீழை எல்லாம் மண்ணிறம், ஈரம். மேலைதான் பனி, அதுவும் அங்கங்கை கிழிஞ்சு, கிழிஞ்ச இடத்தாலை புல்லுத் தெரியுது. ஒவ்வொரு கிழிசலுக்குக் கீழையும் ஒரு குவியல், ஊத்தையா, மரக்கொப்புகளோடை. வெயில் நல்லா அடிக்குது. எனக்கு முன்னாலை ஒரு குடும்பம், பிள்ளையள் சறுக்குச் சப்பாத்தோடை. தகப்பன்: "பார், என்ன அழகு." பிள்ளை: "எப்ப திறப்பாங்கள்?"

பத்து மணிக்கு சு. அக்கா அடிச்சா. எடுக்கேல்லை. பதினொண்டுக்கும். சுரங்கத்துக்கை போகேக்கை அடிச்சது தானா நிண்டுது, கொஞ்சம் மூச்சு வந்தது. அப்பிடி மூச்சு வந்ததுக்கு வெக்கமாவும் இருந்தது.

அடிவாரத்திலை இறங்கினன். மேலை போற றோட்டு இன்னும் பாதிதான் திறந்திருக்கு. ஜொந்தார்மெரி நாளைக்கு ஒன்பது மணிக்கு வரச் சொல்லிச்சினம். மமது பஸ்ஸிலை இறங்கி வந்தான். பெரிய ஆள், நான் சின்ன ஆளா நினைச்சிருந்தன். என்னைக் கொஞ்ச நேரம் பாத்தான்.

"நீங்கள் ரெண்டு பேரும் ஒரு சொட்டும் ஒத்துப்போகேல்லை" எண்டான்.

கோப்பி குடிச்சம். வெளிக்கிடேக்கை, "நான் கையை உதறாட்டி அவன் நிண்டிருப்பான்" எண்டான். நான் சொன்னன், உதறாட்டி நீயும் அங்கைதான். ரெண்டும் உண்மையா இருக்கலாம். அவன் தலையாட்டினான், நம்பேல்லை.

3, சனி

வெயில். கூரையள் எல்லாம் சொட்டுது.

ஒரு பொம்பிளை ஜொந்தார்ம், என்னைவிட ரெண்டு மூண்டு வயசுதான் கூட. "கெவின்?" எண்டா. துக்கம் விசாரிச்சா. தண்ணி தந்தா.

"கெவின் எண்டு ஒருத்தரும் இல்லை" எண்டன். "நான்தான் நிரூஜன்."

அவ பேனையை வைச்சிட்டா. மேசை லாச்சியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பை எடுத்தா. அதுக்கை என்ரை காட். ஈரம் காயாமல், உள்ளுக்கை புகார் பிடிச்சு. காட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா, திரும்பக் காட்டை. மூண்டு மாசத்திலை அந்தப் படத்தை ஒழுங்காப் பாத்த முதல் ஆள்.

"அப்ப அங்கை கிடக்கிறது ஆர்?"

சொன்னன். முழுப்பேர், ஊர், மனுசி, மகள். றிஜெக்ட் கடிதத்தை வைச்சன். அவ ஒவ்வொரு எழுத்தாத் தட்டினா, திரும்ப வாசிச்சுக் காட்டினா, சரியோ எண்டு கேட்டா. சரி எண்டன்.

ஏன் பள்ளத்துக்கை போனவர் எண்டு கேட்டா. அதையும் சொன்னன். தட்டுறதை நிப்பாட்டிட்டா. பிறகு சொன்னா, நான் கேக்காமலே: மூடின பனிக்கை ஆளுக்குப் பதினைஞ்சு நிமிசம், கூடினா அரை மணித்தியாலம். நீ எப்ப அடிச்சிருந்தாலும் ஒண்டும் மாறியிராது. நல்ல மனசோடை சொன்னா. அவவுக்கு என்ன தெரியும், செவ்வாய் மத்தியானம் எனக்கு இந்தக் கணக்குத் தெரியாது. உயிரோடை இருக்கலாம் எண்டு நினைச்சுக்கொண்டுதான் நான் பேசாமல் இருந்தனான்.

காட் திருப்பித் தரமாட்டினம். விசாரணை வரும், பரிசிலை கூப்பிடுவினம். சரி.

பிறகு கூட்டிக்கொண்டு போனா. மமது வாசலிலை நிண்டான்.

ரூபண்ணைதான். கொஞ்சம் வெள்ளை. மீசையை ஆரோ இழுத்துச் சீவி விட்டிருக்கினம், அவர் அப்பிடிச் சீவிறேல்லை. வாயை மூடியிருந்தாங்கள். சேட்டைக் குடுத்தன். சப்பாத்தைக் குடுத்தன். சப்பாத்து தேவையில்லை எண்டாங்கள், நான் வைச்சிட்டு வந்தன்.

"குடும்பத்துக்கு ஆர் அறிவிக்கிறது?" எண்டா. "தூதரகத்தாலை செய்யலாம். நாள் எடுக்கும்."

நான் எண்டன்.

வெளியிலை ஒரு வாங்கு, அதிலை இருந்தன். ஆறு பெருகி ஓடுது, சத்தம். சு. அக்காவுக்கு அடிச்சன், அங்கை பின்னேரம் நாலரை இருக்கும். முதல் அடியிலையே எடுத்தா. பின்னாலை அபி ஏதோ பாடுது.

"சொல்லு தம்பி."

சொன்னன். டவர் பொய் எண்டு சொன்னன், செவ்வாய் எண்டு சொன்னன், பனி எண்டு சொன்னன். சுத்தி வளைக்கேல்லை. கட் ஆகிட்டுதோ எண்டு போனைப் பாத்தன், நிமிசம் ஓடிக்கொண்டிருக்கு. அபியின்ரை பாட்டு தூரப் போச்சு, கதவு ஒண்டு சாத்தின சத்தம்.

"வெளியிலை நிண்டவரோ?" எண்டா.

"இல்லை அக்கா. விடுதிக்குப் பின்னாலை பள்ளம் ஒண்டு. அதுக்கை."

"படுத்திருந்தவரோ?"

"ஓம்."

"கை தலையிலையோ?"

"ஓம் அக்கா."

"அப்பிடியெண்டா பயப்பிட்டிருக்கமாட்டார்" எண்டா. "பள்ளத்துக்கை போனாப் பிறகு அவர் பயப்பிடுறேல்லை."